கேள்வி கேட்டவள் பங்கு

786
தாமுவே, யாங்கோன்
4 ஜூன் 2024

அன்புள்ள ஸமீரா மச்சிக்கு, உங்கள் மாமா மகள் ஹாஜரா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

இங்கே மின்சாரத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அல்லாஹ் தந்துகொண்டிருக்கிறான். உங்கள் முட்டுவலியும் மாமியின் சர்க்கரையும் எப்படி இருக்கின்றன? போனில் நெட் நாலு நாளைக்கு ஒரு தடவை வருகிறது, ஸலாம் சொல்லி முடிப்பதற்குள் போய்விடுகிறது. அதனால்தான் ஊருக்கு வரும் பர்கத்துல்லா காக்கா கையில் இந்தக் கடிதம்.

என் மூத்தவள் சைதா லாத்தாவின் நாற்பதாம் நாள் ஃபாத்திஹா 31ஆம் தேதி ஒரு குறையும் இல்லாமல் முடிந்தது. இப்படிப்பட்ட நாட்களில் இங்கே எல்லோரும் மௌத்தானவர் பேரில் யாஸீன் கிதாபு அடித்துக் கொடுப்பார்கள். ஒவ்வொரு வீட்டிலும் இருபது யாஸீன் ஏற்கனவே கிடக்கிறது. எனக்கு வேறு யோசனை வந்தது. உங்கள் ‘பெண்களின் கேள்விகளும் மார்க்கத் தெளிவும்’ எங்கள் பெண்கள் குழுவில் பி.டி.எஃப். ஆக ஓடிக்கொண்டிருந்தது. அதையே லாத்தா பேரில் முந்நூறு பிரதி அடித்து வீடு வீடாகக் கொடுத்துவிட்டேன். படிக்கிறவர்கள் அதன்படி நடக்க நடக்க லாத்தாவின் கபுருக்கு நன்மை போய்க்கொண்டே இருக்கும். எழுதிய உங்களுக்கும்தான். முன்னாலேயே சொல்லியிருக்கலாம். திடீரென்று கையில் கொடுத்தால் இன்னும் சந்தோஷப்படுவீர்கள் என்று விட்டுவிட்டேன்.

அடித்தவர் கியாக்டடாவில் கோ மின் என்பவர். நல்ல மனிதர். தமிழில் ஒரு எழுத்தும் தெரியாது. பக்கம் மாறாமல் அடித்ததே பெரிது. அட்டையில் மட்டும் ஒரு சின்னத் தவறு, கண்டுகொள்ள வேண்டாம்.

முந்நூறுக்கும் நம்பர் போட்டு, எந்த நம்பர் யார் வீட்டில் என்று நோட்டில் எழுதியிருக்கிறேன். நம்பர் 1 உங்களுடையது. இதோடு வருகிறது.

லாத்தாவுக்காக துஆ செய்யுங்கள்.

ஹாஜரா

*

தொண்டி
29 ஜூன் 2024

ஹாஜராவுக்கு, வ அலைக்கும் ஸலாம்.

முட்டுவலி இருக்கிறது. உம்மாவின் சர்க்கரையும் இருக்கிறது. உன் நம்பர் 1 வந்த பிறகு எனக்கு ரத்தக் கொதிப்பும் சேர்ந்திருக்கிறது.

சின்னத் தவறு என்று எழுதியிருந்தாய். தலைப்புக்குக் கீழே ‘ஆலிமா ஸமீரா’ என்று இருந்த இடத்தில், அதே கொட்டை எழுத்தில், ‘மர்ஹூமா சைதா பீவி’ என்று இருக்கிறது. உள்ளே முதல் பக்கத்திலும் அப்படியே. ‘இவர்களின் ஹக்கில் துஆ செய்யவும்’ என்பது எங்கே இருக்கிறது தெரியுமா? கடைசி அட்டையில், அச்சகத்தின் போன் நம்பருக்குக் கீழே, பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கிற அளவில். பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? சைதா எழுதி வைத்துவிட்டு மௌத்தான புத்தகம் என்றுதானே?

ஆறு வருஷம் ஹாஜரா. காலையில் மதரசா, பகலில் அடுப்படி, அதற்கு நடுவே கிதாபு புரட்டி, திரைக்கு இந்தப் பக்கம் நின்று ஹஜ்ரத்மார்களிடம் கேட்டுக் கேட்டு எழுதியது. அதை எவளோ போனில் அனுப்ப, எவளோ வாங்க, நீ ஒரு கடையில் கொண்டுபோய்க் கொடுத்து அடித்துவிட்டாய். இதற்குப் பேர் திருட்டு. என் கழுத்துச் சங்கிலியைக் கழற்றி உன் லாத்தா பேரில் ஸதகா கொடுப்பாயா? கொடுத்தால் நன்மை சேருமா?

அல்லாஹ் தனக்குச் சேர வேண்டிய ஹக்கை மன்னிப்பான். மனிதனின் ஹக்கை அந்த மனிதன்தான் மன்னிக்க வேண்டும். இது என் புத்தகத்திலேயே எண்பதாம் பக்கத்தில் இருக்கிறது. முந்நூறு பேருக்குக் கொடுத்தாயே, நீ படித்தாயா?

அந்த பி.டி.எஃப்.ஐ முதலில் வெளியே விட்டது யார் என்று விசாரித்து எழுது. உன்னிடம்தான் நோட்டு இருக்கிறதே.

ஸமீரா

*

தாமுவே
24 ஜூலை 2024

மச்சிக்கு ஸலாம். ரத்தக் கொதிப்புக்கு உப்பைக் குறையுங்கள்.

எண்பதாம் பக்கத்தை இப்போதுதான் படித்தேன். படிக்காமலே இருந்திருந்தால் நிம்மதியாக இருந்திருப்பேன்.

அட்டைக்கு நான் பொறுப்புத்தான். “முன்னாடி, தலைப்புக்குக் கீழ இந்தப் பேரைப் போடுங்க” என்று போனில் பர்மியத்தில் சொன்னேன். கீழே ஏற்கனவே ஒரு பேர் இருக்கிறது என்று அவருக்கு எப்படித் தெரியும்? அவருக்கு அது கோலம் மாதிரி. எடுத்துவிட்டு இதை வைத்துவிட்டார். ஃபாத்திஹா அன்று காலையில்தான் கட்டுகள் வந்தன. பிரித்துப் பார்த்தபோது பிரியாணி இறக்குகிற நேரம். என்னை என்ன செய்யச் சொல்கிறீர்கள்?

ஆனால் திருட்டு என்று எழுதினீர்களே, அதற்கு மட்டும் பதில் சொல்லாமல் விட மாட்டேன். சங்கிலியைக் கழற்றினால் உங்கள் கழுத்து வெறுங்கழுத்தாகும். புத்தகத்தை எடுத்தேன், உங்கள் புத்தகம் உங்களிடம் அப்படியே இருக்கிறதே? வாங்க வழியிருந்து நான் வாங்காமல் எடுத்திருந்தால் சரி. எங்கள் தெரு சுல்தான் பீவி மாமி மகன் அந்தச் சென்னைப் பதிப்பகத்துக்குப் போன் போட்டு இருபது பிரதி கேட்டான். “அங்கெல்லாம் பார்சல் போறதில்ல” என்று வைத்துவிட்டார்கள். இங்கிருந்து பணம் அனுப்பவும் வழியில்லை. விற்கவும் மாட்டோம், எடுக்கவும் கூடாது என்றால் இங்கே இருக்கிற பெண்களுக்கு மார்க்கம் தெரிய வேண்டாமா? ஒரு பிரதிக்கு ஒரு பியா காசு நான் வாங்கவில்லை. நீங்கள் அந்தப் புத்தகத்தில் எடுத்து எழுதிய ஹதீஸுக்கெல்லாம் யாரிடம் அனுமதி வாங்கினீர்கள்? கோபப்படாதீர்கள், கேள்விதான் கேட்கிறேன்.

கோபமெல்லாம் எழுதி முடித்துவிட்டேன். இனி உண்மையைச் சொல்கிறேன். எங்கள் பள்ளி இமாமிடம் கேட்டேன். “உரியவங்ககிட்ட மன்னிப்புக் கேட்டு ஹலாலாக்கிக்கிருங்கம்மா. அதுக்கு முன்னாடி நன்மை போய்ச் சேந்துச்சுன்னு நான் எப்படிச் சொல்றது?” என்றார். அன்று முதல் எனக்குச் சோறு இறங்கவில்லை. லாத்தாவுக்கு நான் கட்டி அனுப்பிய சோற்றுப் பொட்டலம் வழியில் யாரோ கையில் நிற்பதுபோல் இருக்கிறது.

ஒரு வரி போதும் மச்சி. ‘ஹலாலாக்கினேன்’ என்று எழுதி அனுப்புங்கள்.

பி.டி.எஃப். விஷயம் விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.

ஹாஜரா

*

தொண்டி
18 ஆகஸ்ட் 2024

ஹாஜராவுக்கு ஸலாம். உப்பைக் குறைத்துவிட்டேன். உன் கடிதங்களையும் குறைத்தால்தான் கொதிப்பு இறங்கும்.

ஒரு வரி எழுத எனக்கு அதிகாரம் இருந்தால் எழுதியிருப்பேனோ என்னவோ. இல்லை. புத்தகத்தின் முழு உரிமையையும் பதிப்பகத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். கையில் ஒரு தொகை, கட்டாக ஐம்பது பிரதி, அதோடு சரி. எட்டுப் பக்க ஒப்பந்தம், முழுக்க ஆங்கிலம். “எல்லாரும் போடுற கையெழுத்துதான் மேடம்” என்றார்கள், போட்டேன். இப்போது என் மதரசாப் பிள்ளைகளுக்குப் பத்துப் பக்கம் ஜெராக்ஸ் எடுக்க வேண்டுமென்றாலும் நான் அவர்களிடம் கேட்க வேண்டும். சட்டத்தைக் கேட்டால் அந்தப் புத்தகத்துக்கு நான் அடுத்த வீட்டுக்காரி.

உனக்காக வெட்கத்தை விட்டுப் போன் செய்தேன். “ரங்கூன்ல ஒருத்தங்க தர்மத்துக்கு அடிச்சுட்டாங்க, மன்னிச்சுருவீங்களா?”

“அட்ரஸ் குடுங்க மேடம், வக்கீல் நோட்டீஸ் அனுப்பணும்.”

“பார்சல் போகாத ஊருக்கு நோட்டீஸ் மட்டும் போகுமா?”

வைத்துவிட்டான். முகவரி கொடுக்கவில்லை, பயப்படாதே.

ஆறு வருஷ உழைப்பை ஒரு கையெழுத்தில் வாங்கிக்கொள்ள சட்டம் வழி வைத்திருக்கிறது. மரித்தவளுக்குத் தர்மம் செய்ய வழி வைக்கவில்லை. எனக்கும் எரிச்சல்தான். ஆனால் உன் செயலுக்கு அது சாக்கு ஆகாது. கடைக்காரன் எனக்கு அநியாயம் செய்தால் நீயும் வந்து ஒரு பிடி அள்ளிக்கொண்டு போவாயா?

அவர்கள் வாங்காத ஒன்றே ஒன்று என்னிடம் இருக்கிறது, என் பேர். அதைத்தான் நீ எடுத்தாய். முந்நூறு பிரதியிலும் என் பேரை ஒட்டு. ஒட்டி முடித்த பிறகு ஹலால் பற்றிப் பேசுவோம்.

ஸமீரா

*

தாமுவே
20 செப்டம்பர் 2024

மச்சிக்கு ஸலாம். மாமிக்கு என் ஸலாத்தைத் தனியாகச் சொல்லுங்கள். இங்கே மழை விடவில்லை. என் குதிகால் வெடித்திருக்கிறது, காரணம் நீங்கள்தான்.

‘எழுதியவர்: ஆலிமா ஸமீரா, தொண்டி’ என்று முந்நூறு சீட்டு அடித்தேன். இந்தத் தடவை கோ மின் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். நோட்டை எடுத்துக்கொண்டு, பசையும் குடையுமாக நம்பர் 2இல் ஆரம்பித்தேன். எந்தக் கட்டடத்திலும் லிஃப்ட் கிடையாது. புத்தகம் வாங்கியவர்கள் எல்லோரும் ஏன் ஏழாவது மாடியில் குடியிருக்கிறார்கள் என்று தெரியவில்லை.

பெரும்பாலானவர்கள் ஒட்டவிட்டார்கள். சுல்தான் பீவி மாமி விடவில்லை.

“என்னடி இது, பிளாஸ்திரி?”

“எழுதுனவங்க பேர் மாமி. தொண்டில எங்க மாமி மக.”

“யாருடி அவ? மௌத்தானவ பேர மறைச்சு ஒட்ட வந்துட்டா. இது சைதா பேச்சுடி. பதினேழாவது கேள்வியப் படி.”

படித்தேன். நிறம் தூவும் திருவிழாவில் வழியில் போகும் பெண் மேல் தண்ணீர் ஊற்றிவிட்டால் தொழுகைக்குக் கைகால் கழுவிய ஒளு முறியுமா, அந்தத் துணியோடு தொழலாமா என்று இருக்கிறது.

“நிறமாவது தூவுறதாவது! திஞ்சான் தண்ணித் திருநாளுடி அது. நானும் சைதாவும் மார்க்கெட்டுக்குப் போனோம். லாரில வந்த பயலுக ஐஸ் தண்ணிய எங்க தலையில கொட்டுனானுக. நடு ரோட்டுல நனஞ்சு நின்னுக்கிட்டு ‘மாமி, ஒளு முறிஞ்சுருச்சா’ன்னு கேக்குறா. எனக்கு நடுக்கத்துல பல்லு அடிக்குது. ‘இருங்க, தொண்டிக்குக் கேட்டுச் சொல்றேன்’னா.”

கீழ்வீட்டு ஸைனப் அதற்குள் முப்பத்தொன்றாவது கேள்வியைப் பிரித்துவிட்டாள். பக்கத்து வீட்டார் புத்த பிக்குகளுக்குச் சமைத்ததில் மிச்சத்தை நமக்குக் கொடுத்தால் சாப்பிடலாமா? அது லாத்தாவின் பக்கத்து வீட்டு டோ கின் கொடுத்த சோறு மச்சி. அன்று நானும் அங்கே இருந்தேன்! நீங்கள் டோ கின்னை எடுத்துவிட்டு ‘அண்டை வீட்டு அன்னதானம்’ என்று வைத்திருக்கிறீர்கள்.

எழுதியது லாத்தா என்று முந்நூறு வீட்டில் ஒரு வீட்டிலாவது யாரும் ஆச்சரியப்பட்டார்களா என்று யோசித்துப் பார்த்தேன். ஒருத்தியும் இல்லை.

நம்பர் 61 வரை ஒட்டினேன். மீதிச் சீட்டு அலமாரியில் இருக்கிறது. மச்சி, நேராகவே கேட்கிறேன். அந்தக் கேள்விகள் யாருடையவை?

ஹாஜரா

*

தாமுவே
3 நவம்பர் 2024

மச்சிக்கு ஸலாம். உங்கள் சுகம் சொல்லி ஒரு கடிதமும் இல்லை. பர்கத்துல்லா காக்கா இரண்டு தடவை வந்து போய்விட்டார். “ஸமீரா நல்லாத்தான் இருக்கு, மதரசாவுக்குப் போய் வருது” என்கிறார். சந்தோஷம்.

பி.டி.எஃப். யார் விட்டது என்று கேட்டிருந்தீர்கள். பதில் கிடைத்துவிட்டது. ஒவ்வொருத்தியாகக் கேட்டுக்கொண்டே பின்னால் போனேன். உனக்கு யார், அவளுக்கு யார் என்று நோட்டில் கோடு போட்டுக்கொண்டே வந்தேன். எல்லாக் கோடும் ஒரே இடத்தில் போய் முட்டியது. லாத்தாவின் போன்.

லாத்தா மகள் ஷிரின்தான் அதைத் திறந்து கொடுத்தாள். அவளுக்குத் தமிழ் படிக்க வராது, கேட்டால் புரியும். இரண்டு பேரும் உட்கார்ந்து கேட்டோம். ஆறு வருஷத்தில் லாத்தா உங்களுக்கு அனுப்பிய குரல் செய்திகள் நானூற்றுச் சொச்சம். எல்லாம் கேள்வி. போன வருஷம் ஆகஸ்டில் ஒன்று மட்டும் கேள்வி இல்லை. அவள் வாயால் சொன்னபடியே எழுதுகிறேன்:

“மச்சி, பொஸ்தகம் அச்சுக்குப் போகுதுன்னியே. என் பேர ஒரு ஓரத்துல போடு. சின்னதா போதும், கேள்வி கேட்டவன்னு. எங்க மாப்ள முகைதீன், ‘நீ வாயவே மூட மாட்டியா’ங்குறாரு. மூடாத வாய்க்கு ஒரு பொஸ்தகம் இருக்குன்னு அந்த மனுசன்கிட்ட காட்டணும்.”

“போடாமயா சைதா, மொதப் பக்கத்துலயே வரும்.” இது உங்கள் குரல்.

அக்டோபர் 11, பி.டி.எஃப். அனுப்புகிறீர்கள். “உனக்கு மட்டும். யாருக்கும் அனுப்பாத, பதிப்பகத்துக்குத் தெரிஞ்சா வம்பு.” ஒரு மணி நேரம் கழித்து லாத்தா: “என் பேர் எங்க மச்சி? ரெண்டு தடவ பாத்துட்டேன்.” நீங்கள்: “அடுத்த பதிப்புல.” அன்று சாயங்காலமே அவள் அதைப் பதினாலு பெண்களுக்கு அனுப்பியிருக்கிறாள். கூடவே, “இதுல இருக்குற கேள்வியெல்லாம் நான் கேட்டது. பேர் அடுத்த பதிப்புல வருமாம்.”

நீங்கள் தேடிய திருடி கிடைத்துவிட்டாள் மச்சி. கபரஸ்தானில் இருக்கிறாள். நீங்கள் அவளிடம் ஒப்படைத்த அமானிதத்தை அவள் வெளியே விட்டது தப்புத்தான், நான் பூசி மெழுக மாட்டேன். முதலில் எனக்கு மட்டும் ஹலால் கேட்டேன். இப்போது அவளுக்கும் சேர்த்துக் கேட்க வேண்டியதாகிவிட்டது.

இன்னும் ஒன்று. நாம் அனுப்பிய குரல் செய்தியை அந்தப் பக்கம் கேட்டுவிட்டால் பக்கத்தில் இருக்கிற மைக் நீலமாகுமாம், ஷிரின் காட்டினாள். அந்த அக்டோபருக்குப் பிறகு லாத்தா பதினொரு செய்தி அனுப்பியிருக்கிறாள். பதினொன்றும் சாம்பல் நிறத்திலேயே இருக்கின்றன.

ஹாஜரா

*

தொண்டி
8 டிசம்பர் 2024

ஹாஜராவுக்கும் ஷிரினுக்கும் ஸலாம்.

உம்மாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. என்னைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை.

புத்தகம் தொண்ணூற்றெட்டுப் பக்கம் வந்தது. “தொண்ணூத்தாறுன்னா பதினாறு பக்க அச்சுப் பாரத்துக்குச் சரியா வரும், ரெண்டு பக்கம் குறைங்க” என்றார்கள். நன்றியுரை இரண்டு பக்கம். சைதா அதில்தான் இருந்தாள். வேறு எதை எடுக்கலாம் என்று ஒரு மணி நேரம் பார்த்தேன், ஒன்றும் இல்லை என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். என் முன்னுரை மூன்று பக்கம் இருந்தது. அதை நான் தொடவில்லை.

திஞ்சானையும் டோ கின்னையும் எடுத்தது, ரங்கூன் விஷயம் என்றால் இங்கே யார் வாங்குவார்கள் என்று அவர்கள் சொன்னதால். சரி என்றேன். எல்லாவற்றுக்கும் சரி என்று சொல்லிவிட்டு, உன்னிடம் மட்டும் சட்டம் பேசினேன். அடுத்த பதிப்பு வந்துவிட்டது, போன மாதம் கடைத்தெருவில் பார்த்துத்தான் எனக்கே தெரியும். ஒரு எழுத்து மாறவில்லை.

நீ அடித்ததை ஹலாலாக்கினேன். சைதா அனுப்பியதையும் ஹலாலாக்கினேன். பதிப்பகத்தின் பங்கு பதிப்பகத்தோடு, அதற்கு நான் பேச முடியாது. என் பங்கில் ஒரு துளி பாக்கி இல்லை.

இனி நான் கேட்க வேண்டும். சொன்ன சொல்லை நான் காப்பாற்றவில்லை. அவள் உழைப்பில் பாதியை என் பேரில் எழுதிக்கொண்டேன். மன்னிக்க அவள் இல்லை. வாரிசுகளிடம்தான் கேட்க முடியும், அதுவும் என் எண்பதாம் பக்கத்திலேயே இருக்கிறது. உன்னிடமும் சைதா மாப்பிள்ளை முகைதீனிடமும் ஷிரினிடமும் கேட்கிறேன்.

ஸமீரா

*

தாமுவே
5 ஜனவரி 2025

மச்சிக்கு ஸலாம்.

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். முதல் தடவை கோபம் வந்தது. இரண்டாம் தடவை அந்த மூன்று பக்க முன்னுரையை எடுத்துப் படித்துப் பார்த்தேன், இன்னும் கோபம் வந்தது. மூன்றாம் தடவை, உங்கள் இடத்தில் நான் இருந்தால் என் பேரை வெட்டுவேனா என்று யோசித்தேன். அதற்கு மேல் கோபப்பட முடியவில்லை. என் பங்கு ஹலால்.

முகைதீன் மச்சானிடம் படித்துக் காட்டினேன். “கேள்வி கேட்டவளுக்கு ஒரு பங்குன்னா, இருபத்தஞ்சு வருஷம் பக்கத்துல இருந்து அதக் கேட்டுக்கிட்டுக் கெடந்த எனக்கு எத்தன பங்கு? போ, ஹலால், ஹலால்” என்றார். சொல்லிவிட்டு முகம் கழுவப் போனவர், குழாயில் தண்ணீர் வராத நேரத்தில், அரை மணி நேரம் கழித்து வந்தார்.

ஷிரின்தான் மாட்டேன் என்கிறாள். “மயாபூ.” பர்மியத்தில் அதற்கு ‘முடியாது’ என்று அர்த்தம். அவள் அப்படிச் சொன்னால் கதவைச் சாத்தியது மாதிரி.

“சாச்சி, நீங்க ரெண்டு பேரும் லெட்டர்லயே மன்னிச்சுக்கிறீங்க. உம்மா ஆஸ்பத்திரில இருந்து கடைசியா அனுப்புனத அவங்க இன்னும் கேக்கவே இல்ல. நேத்தும் பாத்தேன், சாம்பல்தான். மொதல்ல அதக் கேக்கட்டும்.”

அது என்ன செய்தி என்று எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன். உங்களுக்கு வந்தது, நீங்களே கேளுங்கள்.

ஹாஜரா

*

தொண்டி
30 ஜனவரி 2025

ஹாஜராவுக்கும் ஷிரினுக்கும் ஸலாம்.

கேட்டேன். பதினொன்றையும். மதரசா விட்ட பிறகு, கதவைச் சாத்திக்கொண்டு.

முதல் ஒன்பதும் எப்போதும் போல. கரண்ட் வரும் நேரமும் தொழுகை நேரமும் ஒன்றாக இருந்தால் முதலில் மோட்டார் போடுவதா, தொழுவதா? பிள்ளை பர்மியத்திலேயே துஆ கேட்டால் ஆகுமா? பத்தாவதில், “என்ன மச்சி பதிலே இல்ல, ஒடம்புக்கு முடியலயா?” என்று என்னை விசாரிக்கிறாள். அவளுக்கு அப்போதே காய்ச்சல் தொடங்கியிருக்கிறது, குரலில் தெரிகிறது.

கடைசி, ஏப்ரல் 19.

“மச்சி, ஆஸ்பத்திரில இருக்கேன். கட்டில் செவுத்தோட ஒட்டிக் கெடக்கு, திருப்ப முடியாதுங்குறாங்க. கையில டியூப் வேற. தொழுவுற திசை, கிப்லா, என் தலமாட்டுப் பக்கம். இப்படியே தொழுதா கூடுமா? சட்டுனு சொல்லு, அஸர் தொழுக நேரம் வந்துரும்.”

கூடும். முடியாதவள் எந்தப் பக்கம் முடியுமோ அந்தப் பக்கம் தொழலாம். கிதாபு புரட்ட வேண்டாம், யாரையும் கேட்க வேண்டாம், எனக்கு மனப்பாடம். சொல்ல மூன்று விநாடி ஆகியிருக்கும். பேரைப் பற்றிக் கேட்பாள் என்று பயந்து அவள் செய்திகளைத் திறக்காமலே வைத்திருந்தேன் ஹாஜரா. பதினொன்றில் ஒன்றில்கூட அவள் அதைக் கேட்கவில்லை.

ஷிரின், உன்னிடம் ஹலால் கேட்டு இனி எழுத மாட்டேன். அது உன் இஷ்டம்.

என் பேர்ச் சீட்டுகளைக் கிழித்துப் போடு ஹாஜரா. ஒட்டியதை எல்லாம் உரித்துவிடு. நான் மறுபடி எழுதத் தொடங்கிவிட்டேன். சைதா கேட்டதை அவள் கேட்டபடியே, திஞ்சானும் டோ கின்னும் ஐஸ் தண்ணீருமாக. பதில்கள் வேறு வார்த்தைகளில். ஒவ்வொரு கேள்விக்கும் மேல் அவள் பேர். பதிப்பகத்துக்காரன், “அதுவும் எங்க உரிமைக்குள்ளதான் வரும் மேடம்” என்கிறான். வழக்குப் போடட்டும். என் தலைக்குள் இருப்பதை நானே இன்னொரு தடவை சொல்ல அவனிடம் அனுமதி கேட்க மாட்டேன். இந்தத் தடவை எதிலும் கையெழுத்துப் போடுவதாக இல்லை.

ஸமீரா

*

தாமுவே
16 பிப்ரவரி 2025

ஸமீரா மச்சிக்கு ஹாஜராவும் ஷிரினும் சொல்லும் ஸலாம்.

நோன்புக்கு இரண்டு வாரம்தான் இருக்கிறது. மாமிக்குச் சர்க்கரையோடு நோன்பு வேண்டாம் என்று யாராவது சொல்லுங்கள். நீங்கள் சொன்னால் கேட்பார்களா என்பது வேறு.

கடிதத்தை ஷிரினுக்குப் படித்துக் காட்டினேன். அந்த ‘கூடும்’ என்ற இடத்தில் நிறுத்தச் சொன்னாள்.

“உம்மா பதிலுக்கு நிக்கல சாச்சி. நான்தான பக்கத்துல இருந்தேன். போனக் கீழ வச்சுட்டு அப்படியே தொழுதாங்க. முடிச்சுட்டு, ‘தப்பா இருந்தா ஸமீரா திட்டுவா, திட்டட்டும்’னாங்க.”

சிரித்தாளா அழுதாளா என்று எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. பிறகு, “ஹலால்னு எழுதுங்க. எல்லாத்துக்கும்” என்றாள். எழுதிவிட்டேன் மச்சி. எனக்கு நேற்று நன்றாகச் சோறு இறங்கியது.

மடித்து ஒட்டப் போகும்போது, “இருங்க சாச்சி, எனக்கு ஒரு கேள்வி இருக்கு, எழுதுங்க” என்று உட்கார்ந்துவிட்டாள். அவள் சொல்லச் சொல்ல எழுதுகிறேன்:

“எங்க ஆபீஸ்ல டிசைன் போடுற சாஃப்ட்வேர் காசு குடுக்காம எறக்குனது. கியாக்டடால எந்த ஆபீஸ்லயும் அப்படித்தான். குடுத்துரலாம்னு பாத்தாலும் இந்த ஊர் கார்டு அங்க எடுக்காது. வேற வேலையும் இப்பக் கெடைக்காது. அதுல உக்காந்து வேல செஞ்சு நான் வாங்குற சம்பளம் ஹலாலா?”

எனக்குத் தெரிந்ததைச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். “நீங்க சொல்லாதீங்க சாச்சி, நீங்க முந்நூறு அடிச்சவங்க” என்றாள். ஆகவே இது உங்கள் தலையில்.

கேள்விக்கு மேல் அவள் பேர் வர வேண்டுமாம். ஷிரின் முகைதீன், முழுதாக. ‘ஒரு சகோதரி’ என்று போட்டால் ஒத்துக்கொள்ள மாட்டாளாம்.

இருபத்தெட்டாம் தேதி சம்பளம். அதற்குள் பதில் அனுப்புங்கள்.

ஹாஜரா